குட்டி போடும் மீன்களுக்கு வீட்டில் ஒரு தொட்டி: மொரீசியஸில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கப்பி, பிளாட்டி, மோலி, ஸ்வார்ட்டெயில் ஆகிய நான்கையும் குட்டி போட வைக்க எந்த வித்தையும் தெரிந்திருக்க வேண்டாம். ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில் இருந்தால் போதும், மிச்சத்தை அவையே பார்த்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் இடறுவது அதற்கு முன்னும் பின்னும்தான். மீன் வீட்டுக்கு வரும்போது தண்ணீர் தயாராக இருக்காது, குட்டி வந்தபோது வைக்க இடம் இருக்காது. அதனால் கீழே உள்ளதில் மீனைவிடத் தண்ணீரைப் பற்றியும் இடத்தைப் பற்றியும்தான் அதிகம் இருக்கும். கடைக்குப் போகும் ஆசையை ஒரு மாதம் தள்ளிப்போட முடிகிறவர்களுக்கு மற்றதெல்லாம் சுலபம்.

எந்த மீன்?

முதல் தொட்டிக்குக் கப்பி அல்லது பிளாட்டி. இரண்டும் சின்ன உடம்பு, அடக்கமான குணம், எதைப் போட்டாலும் தின்னும். கப்பிக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய நான்கு வாரம். தண்ணீர் சூடாக இருந்தால் சில நாள் முன்னதாகவும், குளிராக இருந்தால் பின்னதாகவும் போடும். ஒரு ஈற்றில் 20 முதல் 50 குட்டி வரை எதிர்பார்க்கலாம், இளம் பெண் மீன் முதல் தடவை அதைவிடக் குறைவாகவே போடும். பிளாட்டியும் ஏறக்குறைய அப்படித்தான்.

மோலி பார்க்க அழகு, ஆனால் 80 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதை வைக்காதீர்கள். அதற்குக் கடினத் தண்ணீர், அதாவது கால்சியம் போன்ற உப்புகள் நிறையக் கரைந்த தண்ணீர் வேண்டும். மென்தண்ணீரில் விட்டால் நின்ற இடத்திலேயே உடம்பை இப்படியும் அப்படியும் நெளித்து நடுங்கிக்கொண்டிருக்கும். நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுவார்கள், குறை தண்ணீரில் இருக்கும். ஸ்வார்ட்டெயிலுக்கு நீளமான தொட்டியும் இடைவெளி இல்லாத மூடியும் தேவை. நன்றாகத் துள்ளும், ஆண்கள் ஒன்றையொன்று விரட்டும்.

பிளாட்டியையும் ஸ்வார்ட்டெயிலையும் ஒரே தொட்டியில் போடாதீர்கள், இரண்டும் கலந்து கலப்புக் குட்டி வரும். கப்பியும், அதன் நெருங்கிய உறவான எண்ட்லர் என்ற சின்ன மீனும் அதே கதை. கலப்பு வந்தால் குடி முழுகிப் போய்விடாது, ஆனால் பிறகு யாருக்காவது கொடுக்கும்போது இது இன்ன மீன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்ற கணக்கில் வாங்குங்கள். ஜோடியாக வாங்கினால் அந்த ஒரு பெண்ணை ஆண் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்கும், பெண் இளைத்துப் போகும்.

உங்கள் வீடு மேட்டிலா, கடற்கரையிலா?

வேறு ஊரிலிருந்து வரும் வழிகாட்டிகளில் இந்தக் கேள்வி இருக்காது. நம் தீவில் இதுதான் முதல் கேள்வி. மொரீசியஸ் முழுவதற்கும் சராசரி எடுத்தால் கோடைக்கு 24.7 டிகிரி, குளிர்காலத்துக்கு 20.4 டிகிரி செல்சியஸ் என்பார்கள். கேட்டால் மீனுக்கென்றே அமைந்த ஊர் மாதிரி தோன்றும். ஆனால் கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. அதே இரவில் போர்ட் லூயிஸில் அவ்வளவு குளிர் இராது.

கியூர்பிப், வாக்குவா, ஃப்ளோரியால் பக்கம் இருப்பவர்களுக்கு மே முதல் அக்டோபர் வரை ஹீட்டர் கட்டாயம். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. 54 லிட்டர் தொட்டிக்கு 50 வாட் போதும் என்று கடையில் சொல்வார்கள், மேட்டு வீட்டில் குளிர்கால இரவுக்கு 75 வாட் வாங்கிவிட்டால் நிம்மதி. 25 டிகிரியில் நிறுத்துங்கள். ஹீட்டரின் முகப்பில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல், தொட்டியின் எதிர்மூலையில் தனியாக ஒரு வெப்பமானி ஒட்டி அதைப் பாருங்கள்.

போர்ட் லூயிஸ், கிராண்ட் பே, மஹேபூர் பக்கம் ஹீட்டர் இல்லாமலே காலம் ஓட்டிவிடலாம். அங்கே தொல்லை ஜனவரி, பிப்ரவரியில். தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மூடியைக் கொஞ்சம் விலக்கி அதன் மேல் வலை போட்டு, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் குறுக்கே ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சூடான தண்ணீரில் மீன் வேகமாக வளரும், வேகமாகக் குட்டி போடும், சீக்கிரம் கிழடும் ஆகும். அடிக்கடி குட்டி கிடைக்கிறதே என்று வெப்பத்தை ஏற்றி வைப்பது பெண் மீனைப் பிழிந்தெடுக்கும் வேலை.

தொட்டியும் அதன் இடமும்

60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் இருந்தால் விளிம்பு வரை 54 லிட்டர். தொடங்க இதுதான் சரியான அளவு. சின்னத் தொட்டி சுலபம் என்பது தப்புக் கணக்கு. பத்து லிட்டரில் ஒரு மீன் செத்து மூலையில் கிடந்தால் மறுநாளே தண்ணீர் கெடும், ஐம்பது லிட்டரில் உங்களுக்குக் கவனிக்க அவகாசம் இருக்கும். இதோடு குட்டிகளுக்கென்று 20 லிட்டரில் இன்னொன்றையும் முதல் நாளே வாங்கிவிடுங்கள். கண்ணாடிதான் வேண்டும் என்பதில்லை, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும்.

தண்ணீரும் மணலும் சேர்ந்தால் பெரிய தொட்டி எழுபது கிலோ அளவுக்கு வரும். அதைத் தாங்குகிற, ஆடாத மேசை வேண்டும். அடியில் ஒரு ஃபோம் விரிப்பு போடுங்கள், மேசையில் சின்ன மேடு பள்ளம் இருந்தால் கண்ணாடி விரிசல் விடும். ஜன்னலோரம் வேண்டாம். வெயில் பட்டால் பாசி பிடிக்கும், சூறாவளியில் ஜன்னல் உடைந்தால் தொட்டியும் போகும். சமையலறையும் வேண்டாம். பூஜை அறைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது, சாம்பிராணிப் புகையும் அதோடு போகும். கொசு மருந்து அடிக்கும் நாளில் பம்பை நிறுத்தி, ஈரத்துணியால் தொட்டியை மூடி, காற்று மாறிய பிறகு திறங்கள். ஸ்பிரேயில் இருக்கும் மருந்து மனிதனுக்குத் தும்மல், மீனுக்கு விஷம்.

ஃபில்டருக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன். மோட்டார் வைத்த ஃபில்டர் பிறந்த குட்டியை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் குட்டியை இழுக்காது, விலை குறைவு, அதன் மேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைக் குட்டிகள் கொத்தித் தின்னவும் செய்யும். அதை ஓட்ட ஒரு ஏர் பம்ப் வேண்டும். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். மின்சாரம் நின்றதும் குழாய் வழியாகத் தண்ணீர் பின்னோக்கி இறங்கித் தரையை நனைப்பது அடிக்கடி நடக்கிற கூத்து. மின்கம்பிகளையும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்குமாறு விடுங்கள், கம்பி வழியே வழிந்து வரும் சொட்டு பிளக்கில் இறங்காமல் அந்த வளைவிலேயே கீழே விழும்.

தண்ணீர்

நம் தீவு எரிமலை கக்கிய கருங்கல். சுண்ணாம்புக் கல் மலை இங்கே கிடையாது. மார் ஓ வாக்குவா மாதிரி நீர்த்தேக்கங்களில் சேரும் மழைநீர் கரைத்துக்கொண்டு வர அதிகம் எதுவும் இல்லை, அதனால் குழாயில் மென்தண்ணீர் வர வாய்ப்பு அதிகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருகிற பகுதிகளில் கொஞ்சம் மாறும். குட்டி போடும் மீன்களோ கடினத் தண்ணீர்ப் பிராணிகள். கப்பிக்கு பிஹெச் 7க்கு மேல், 8 வரை இருக்கலாம், பொதுக் கடினம் 8 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது (இது கடினத்தை அளக்கும் டிகிரி, சூட்டை அல்ல). ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் பாக்கெட் வாங்கி உங்கள் வீட்டுக் குழாயைச் சோதித்துப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கடினம் குறைவாக இருந்தால் கடற்கரைக்குப் பையோடு ஓடாதீர்கள். லகூனில் மணல் அள்ளுவது 2001இலிருந்து தடை, பவளத் துண்டு பொறுக்குவதும் சட்டத்துக்கு விரோதம். தேவையும் இல்லை. பறவைத் தீனி விற்கும் கடைகளில் கிடைக்கும் கணவாய் ஓடு அல்லது நொறுக்கிய சிப்பி ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, சின்ன வலைப்பையில் கட்டி ஸ்பாஞ்ச் ஃபில்டரின் காற்றுக்குமிழி படும் இடத்தில் தொங்கவிடுங்கள். இதில் ஒரு வசதி, தண்ணீர் புளிப்பாக இருக்கும்போது வேகமாகக் கரையும், காரத்தன்மை ஏற ஏறக் கரைவது தானே மந்தமாகும். அளவு மிஞ்சிப் போகும் பயம் குறைவு. ஆப்பச் சோடா போட்டாலும் பிஹெச் ஏறும், ஆனால் அதில் கால்சியம் கிடையாது, குட்டிகளின் எலும்புக்கு அதனால் பயனில்லை.

குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. ஒரு வாளியில் பிடித்து ஏர் பம்ப் குழாயைப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டால் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சில சொட்டு போதும். பெருமழை முடிந்து குழாயில் மருந்து வாடை தூக்கலாக அடித்தால் அன்றைக்குத் தண்ணீர் மாற்றாதீர்கள்.

மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. மதியம் குழாயைத் திறந்தால் வெயிலில் காய்ந்த வெந்நீர் வரும். காலையில் பிடித்து வைத்து, கையை விட்டுப் பார்த்து, மீன் தொட்டித் தண்ணீரின் சூட்டோடு ஒத்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இனி முக்கியமானது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அதை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த இரண்டு வகை பாக்டீரியாவும் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமலே இதைச் செய்ய வேண்டும். தொட்டியை நிரப்பி, பம்பை ஓடவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா ஆகும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும், கடைசியில் தீனி போட்டுக்கொண்டே இருந்தும் இரண்டும் பூஜ்யத்தில் நிற்கும். அப்போதுதான் தொட்டி தயார்.

தெரிந்தவர் வீட்டில் ஆரோக்கியமாக ஓடும் தொட்டி இருந்தால் அவர்களுடைய பழைய ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி, உங்கள் தொட்டியில் பிழிந்துவிடுங்கள். கறுப்புச் சாயமாக ஓடி, ஒரு மணி நேரத்துக்குத் தொட்டி முழுக்கக் கலங்கிக் கிடக்கும். பார்க்க அருவருப்பு, ஆனால் பாதிக் காலம் மிச்சம்.

கடினத் தண்ணீர் வைத்திருப்பவர்கள் இதில் அவசரப்படவே கூடாது. பிஹெச் 7இல் இருக்கும் அம்மோனியாவில் மிகச் சிறு பங்குதான் விஷ வடிவில் இருக்கும். பிஹெச் 8க்குப் போனால் அந்தப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நம் மீனுக்குத் தேவையான தண்ணீரே, பக்குவப்படாத தொட்டியில் அதற்கு எமனாகவும் ஆகிவிடும்.

செடிகள்

அலங்காரத்துக்கு அல்ல, குட்டி ஒளிந்துகொள்ள. ஜாவா பாசி, ஹார்ன்வர்ட், கப்பிப் புல், வாட்டர் ஸ்பிரைட் இவற்றில் எதுவானாலும் சரி, அடர்த்தியாக இருக்க வேண்டும். குட்டி பிறந்ததும் மேலே போகும் என்பதால் தண்ணீர்ப் பரப்பில் மிதக்கும் செடி இன்னும் உத்தமம். நம் கொல்லையில் இருக்கும் பிரெத் சோஞ்ச் (சேம்பு) கிழங்கையே நன்றாகக் கழுவி, இலை தண்டு வெளியே நிற்க வேர் மட்டும் தண்ணீரில் தொங்குமாறு ஓரத்தில் செருகிவைக்கலாம். வேர் நைட்ரேட்டைக் குடிக்கும், அந்த வேர்க்கொத்துக்குள் குட்டிகள் பதுங்கும். பூச்சிமருந்து அடித்த தோட்டத்துச் செடி மட்டும் வேண்டாம்.

ஓடையிலிருந்து செடி பறித்து வந்தால் அதோடு தட்டாம்பூச்சியின் இளம்புழுவும் வந்து சேரலாம். இரவோடு இரவாகக் குட்டிகளைக் காலி செய்துவிடும். நீங்கள் தாய் மீனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

மீன் வாங்குவது

தொட்டி தயாரானதும் ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்காதீர்கள். முதலில் ஓர் ஆண், மூன்று பெண். இரண்டு வாரம் கழித்து மீதி. கடையில் நிற்கும்போது வால் விரிந்திருக்கிறதா, மலவாயில் சிவப்பு நூல் மாதிரி ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். அது குடற்புழு, அந்தத் தொட்டி மீன் எதுவும் வேண்டாம். சுவரோரம் ஒதுங்கி மூச்சிரைப்பதையும் தவிருங்கள். புதிதாக வருவது எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் அந்த 20 லிட்டர் டப்பாவில் தனியே இருக்கட்டும்.

ஆண், பெண் அடையாளம்: பெண் பெரிது, வயிறு உருண்டை, அடித்துடுப்பு விசிறி மாதிரி இருக்கும். ஆணுக்கு அதே துடுப்பு குச்சியாகக் குவிந்திருக்கும், அதுதான் இனச்சேர்க்கை உறுப்பு. பெண்ணின் அடித்துடுப்புக்கு முன்னால் வயிற்றில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும், குட்டி முற்ற முற்ற அது பெரிதாகிக் கறுக்கும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று. கடையில் வாங்கும் வளர்ந்த பெண் ஏறக்குறைய எப்போதும் ஏற்கெனவே கருவுற்றுத்தான் இருக்கும். அதோடு போகாது, ஆணிடமிருந்து பெற்ற விந்தைப் பல மாதம் உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆணே இல்லாத தொட்டியில் மாதாமாதம் குட்டி போடும். எனவே நீங்கள் நல்ல நீல நிற ஆணைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்தாலும், முதல் சில ஈற்றுக் குட்டிகளின் தகப்பன் கடைத்தொட்டியில் இருந்த யாரோ. நிறத்தையும் வாலையும் தேர்ந்து வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் வாங்கிய பெண்ணிலிருந்து நேராகத் தொடங்க முடியாது, அதன் மகள்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். மகள்களை ஆண் நெருங்கும் முன்பே பிரித்து வைத்தாக வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

குட்டி பிறக்கும் நேரம்

கடையில் தொட்டிக்குள் தொங்கவிடும் சின்ன பிளாஸ்டிக் பிரசவக் கூண்டு விற்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நிறைமாத மீனை ஒரு சோப்பு டப்பா அளவு இடத்தில் அடைத்தால் அது பதறி, முற்றாத குட்டியைப் போட்டுவிடும், அல்லது போடாமல் அடக்கிக்கொள்ளும். இரண்டாவது தொட்டிதான் சரி. அடியில் மணல் போடாமல் வெறுமையாக விட்டு, பாதிக்கு ஜாவா பாசி நிரப்பி, பெரிய தொட்டியில் ஓடிப் பழகிய ஸ்பாஞ்ச் ஒன்றை மாட்டுங்கள். தண்ணீரும் பெரிய தொட்டியிலிருந்தே.

போடுவதற்கு ஒரு வாரம் முன்னால் பெண்ணை மாற்றிவிட வேண்டும். கடைசி நாளில் வலை போட்டுத் துரத்துவது கெடுதல். வயிறு உருண்டையாக இருந்தது மாறி, முன்பக்கம் சதுரமாக இறங்கத் தொடங்குவதுதான் மாற்ற வேண்டிய நேரம். பிறகு தீனியைப் பார்த்தும் வராமல் மூலையில் நிற்கும், மூச்சு வேகமாகும், கறுப்புத் திட்டுக்குள் உற்றுப் பார்த்தால் குட்டிகளின் கண்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கும். குட்டி வெளியே வரும்போது சுருண்ட உருண்டையாக இருக்கும், வாலும் தலையும் சேர்ந்து மடிந்திருக்கும். கீழே விழுந்துகொண்டே நிமிரும். சில குட்டிகள் தரையில் சற்று நேரம் அசையாமல் கிடக்கும், செத்துவிட்டது என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் விசுக்கென்று மேலே பாயும், பாசிக்குள் புகுந்துவிடும். நீளம் ஒரு செ.மீ.கூட இருக்காது. ஒன்று, பிறகு இடைவெளி, பிறகு இரண்டு மூன்று என்று சில மணி நேரம் நீளும்.

தாய் தன் குட்டியையே தின்னும். மனிதக் கண்ணால் பார்த்துத் திட்டிப் பயனில்லை, அதற்கு அசைவதெல்லாம் தீனி. வயிறு ஒட்டியதும் தாயை எடுத்துப் பெரிய தொட்டியில் சேர்த்து நன்றாகத் தீனி கொடுங்கள்.

இத்தனை மெனக்கெட விருப்பமில்லை என்றால் பெரிய தொட்டியிலேயே செடியை அடர்த்தியாக வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். ஒவ்வோர் ஈற்றிலும் நாலைந்து தப்பிப் பிழைக்கும். குடும்பத்துக்கு வேடிக்கை பார்க்க ஒரு தொட்டி போதும் என்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

குட்டிகளை வளர்ப்பது

குட்டியின் வயிறு ஒரு கடுகு அளவு. ஒரே தடவை நிறையப் போட்டால் தின்னாது, அழுகும். நாளைக்கு நான்கைந்து தடவை, இரண்டு விரலுக்கு நடுவே வைத்துப் பொடியாக நெரித்த தீனி, மூன்று நிமிடத்தில் தீர்ந்துபோகும் அளவு. வேலைக்குப் போகிறவர்கள் காலை ஒன்று, வந்ததும் ஒன்று, தூங்கும் முன் ஒன்று கொடுத்தாலும் வளரும், சற்று மெதுவாக.

உண்மையான வித்தியாசம் தெரிவது ஆர்டீமியாவில், அதாவது முட்டையாக வாங்கி வீட்டில் பொரிக்கும் பொடி உப்புநீர் இறால் குஞ்சுகளில். ஒன்றரை லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பும் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் கலந்து, கால் டீஸ்பூன் முட்டை போட்டு, குழாயால் பலமாகக் காற்று விட வேண்டும். பக்கத்தில் ஒரு விளக்கு எரியட்டும். 26, 28 டிகிரிச் சூட்டில் ஒரு நாள், ஒன்றரை நாளில் பொரியும். காற்றை நிறுத்திச் சற்று நேரம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், ஆரஞ்சு நிறக் குஞ்சுகள் அடியில் வெளிச்சத்தை நோக்கித் திரளும். அதை மட்டும் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். அரைமணியில் குட்டிகளின் வயிறு ஆரஞ்சாக உப்பியிருக்கும், தின்றதா இல்லையா என்ற சந்தேகமே இராது.

அவித்த முட்டை மஞ்சள் கருவும் கொடுக்கலாம், ஆனால் தண்ணீரை அதைப்போலக் கெடுப்பது வேறில்லை. கொசுப்புழு வளர்ந்த மீனுக்கு அருமையான தீனிதான். அதற்காக வாசலில் வாளியைத் திறந்து வைத்துப் புழு வளர்க்காதீர்கள். 2006இல் சிக்குன்குன்யா இந்தத் தீவைப் படுத்திய பாட்டைப் பார்த்தவர்கள் இருக்கும் தெருவில் யாரும் அதைப் பொறுக்க மாட்டார்கள், பொறுக்கவும் கூடாது. உறைந்த ரத்தப்புழு வாங்கி ஃப்ரீசரில் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும் வீட்டில் அது பெரிய சண்டையாகும். அந்த நாட்களுக்குக் காய்ந்த தீனியும், வேகவைத்து நசுக்கிய கீரையும் போதும். மோலிக்குக் கீரை எப்போதுமே வேண்டும்.

குட்டித் தொட்டியில் வாரம் இரண்டு முறை கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். காற்றுக் குழாயின் நுனியை அடியில் ஓடவிட்டு அழுக்கை உறிஞ்சி, வெள்ளை வாளியில் விடுங்கள். வெள்ளை வாளி ஏனென்றால் கூடவே இழுபட்டு வரும் குட்டி அதில்தான் கண்ணுக்குத் தெரியும். பெரிய தொட்டிக்கு வாரம் ஒரு முறை போதும். ஸ்பாஞ்சைக் கழுவுவது எடுத்த தொட்டித் தண்ணீரில்தான். குழாயடியில் பிடித்தால் குளோரின் பட்டு, ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த பாக்டீரியா போய்விடும்.

மூன்று, நான்கு வாரத்தில் பிரிக்கும் வேலை. குட்டியை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, உருப்பெருக்கியால் பாருங்கள். அடித்துடுப்பு விரிந்து, வயிற்றில் திட்டு தெரிந்தால் பெண். துடுப்பு நீண்டு கூராகத் தொடங்கினால் ஆண். சந்தேகமாக இருப்பதை ஆண்கள் பக்கம் போடுங்கள். ஆண் தொட்டியில் ஒரு பெண் இருந்தால் அந்த ஒரு பெண்ணோடு போயிற்று, பெண் தொட்டியில் ஓர் ஆண் இருந்தால் அத்தனை பேரும் போயிற்று. நான்கு மாதம் ஆனபின் உங்களுக்குப் பிடித்த ஆணை இந்தப் பெண்களோடு சேருங்கள். சில தலைமுறைக்கு ஒரு தடவை வெளியிலிருந்து ஒரு மீனைக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் முதுகு வளைந்த குட்டிகள் அதிகமாகும்.

சூறாவளி எச்சரிக்கை வந்தால்

நவம்பரிலிருந்து மே வரை இதற்குத் தயாராக இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

முதல் எச்சரிக்கை வந்த அன்றே கால்பங்கு தண்ணீர் மாற்றிவிடுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். இரண்டாவதில் மூடியுள்ள டிரம்மில் தண்ணீர் பிடித்து வையுங்கள், பேட்டரி ஏர் பம்பைச் சார்ஜ் செய்யுங்கள். யுஎஸ்பியில் ஓடும் சின்னப் பம்ப் கிடைக்கிறது, ஒரு பவர் பேங்க் அதை வெகுநேரம் ஓட்டும். மூன்றாவது எச்சரிக்கை வந்ததும் தீனியை அடியோடு நிறுத்துங்கள். வளர்ந்த மீன் மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது, பாதி மூச்சு முட்டலுக்குக் காரணம் தின்னாமல் கிடக்கும் தீனிதான். மின்சாரம் போனதும் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள், திரும்பி வரும்போது வோல்ட்டேஜ் எகிறும். பம்ப் எதுவும் இல்லையென்றால் ஒரு குவளையால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றுங்கள், இருபது தடவை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இது போதும்.

சூறாவளி ஓய்ந்தபின் குழாயில் வரும் கலங்கல் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். டிரம்மில் இருப்பதைப் பயன்படுத்துங்கள், குழாய் தெளியும் வரை.

மிஞ்சும் குட்டிகள்

மூன்று பெண், மாதம் ஒரு தடவை, தடவைக்கு முப்பது என்று வைத்தாலே மாதம் தொண்ணூறு. மூன்று மாதத்தில் அந்தப் பெண் குட்டிகளும் தாயாகும். முதல் ஈற்று பிறப்பதற்கு முன்பே யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று பேசி வையுங்கள். சில மீன் கடைகள் நல்ல நிறமுள்ள, இரண்டு மாதம் தாண்டிய மீன்களை வாங்கிக்கொண்டு பதிலுக்குத் தீனி தரும். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். யாரும் இல்லையென்றால் ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் வையுங்கள், அல்லது குட்டிகளைப் பெரிய தொட்டியிலேயே விட்டு இயற்கை கழித்துக்கொள்ள விடுங்கள்.

ஆற்றிலோ, குளத்திலோ, புனித ஏரியான கங்கா தலாவிலோ கொண்டுபோய் விடாதீர்கள், புண்ணியம் என்று நினைத்தாலும். கப்பியும் ஸ்வார்ட்டெயிலும் இந்தத் தீவின் ஓடைகளில் வெளியிலிருந்து வந்து ஏற்கெனவே குடியேறிவிட்டன. நம் ஆறுகளுக்கே உரிய சிறு மீன்களோடு அவை இடத்துக்கும் தீனிக்கும் போட்டி போடுகின்றன.

கொடுக்கும் நாளில் மீனுக்குக் காலையிலிருந்து தீனி வேண்டாம், வழியில் தண்ணீர் கெடாமல் இருக்கும். பையில் மூன்றில் ஒரு பங்கு தொட்டித் தண்ணீர், மீதி காற்று, இரட்டைப் பையாகக் கட்டி, வெயில் படாமல் ஒரு பெட்டிக்குள். வாங்கிக்கொள்பவர் மேட்டு ஊர்க்காரர் என்றால் ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.